கலப்பத்துக்காரரின் ஒழுகும் கார்

பதினொன்று. இந்த எண்ணை மறக்க வேண்டாம். தூத்துக்குடி பர்னபாஸின் காரில் ஒழுகிய இடங்கள் பதினொன்று. தண்ணீர் நான்கு இடத்தில், எஞ்சின் ஆயில் மூன்று இடத்தில், கியர் ஆயில் இரண்டு இடத்தில், பெட்ரோல் ஓரிடத்தில், பிரேக் ஆயில் ஓரிடத்தில். சந்தேகம் உள்ளவர்கள் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். பர்னபாஸ் கூட்டிப் பார்ப்பதற்கு ஆறு வருஷம் ஆனது.

அவர் காரோட்டிப் பிழைத்தவர் இல்லை. கலப்பத்துக்காரர். தோணியின் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள சந்தில் பஞ்சுத்திரியை உளி வைத்து அடித்து இறக்கி, குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகை அதன் மேல் பூசி, கடல் உள்ளே வராமல் செய்கிற வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். வைகாசிக் கடைசியில் கச்சான் காற்று எழும்பினால் கொழும்புத் தோணிகள் கரையேறிவிடும். ஆவணி வரை கரையிலேதான் கிடக்கும். அந்த மூன்று மாசம்தான் கலப்பத்துக்காரனுக்கு வருஷம். மிச்சம் ஒன்பது மாசம் வெறும் காலண்டர்.

பர்னபாஸிடம் ஒரு வழக்கம் இருந்தது. அடைத்த தோணியைத் தண்ணீரில் இறக்குகிற அன்று வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு தோணியின் அடிப்பள்ளத்தில் போய் உட்காருவார். காலையில் உட்கார்ந்தால் மத்தியானம்தான் எழுந்திருப்பார். மேலே ஏறி வந்து, தண்டலுக்கு, அதாவது தோணியை நடத்துகிறவருக்கு, முதுகைக் காட்டித் திரும்பி நிற்பார். வேட்டியின் பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மேல் நனைந்திருந்தால் கூலி வாங்காமல் மறுபடி அடைத்துக் கொடுப்பார். இருபத்தாறு வருஷத்தில் இரண்டு தரம் நனைந்தது. கரையில் இருக்கிற எல்லாருக்கும் அந்த இரண்டு தரமும் தேதியோடு ஞாபகம் இருந்தது. தொழிலாளி செய்த நல்ல வேலையை எண்ணி வைக்க யாரும் இல்லை. கெட்டதை எண்ணி வைக்க ஊரே உண்டு.

கார் வந்த கதை சின்னது. பர்னபாஸின் மனைவி மெட்டில்டாவின் அப்பா ஒரு தோணி முதலாளியிடம் முப்பது வருஷம் தண்டலாக இருந்தவர். 1968-ல் முதலாளி புதுக் கார் வாங்கினார். பழையதை, உழைப்புக்கு மரியாதை என்று சொல்லித் தண்டலுக்குக் கொடுத்தார். முதலாளி ஒன்றை இனாமாகக் கொடுத்தால் முதலில் குனிந்து அதன் அடியைப் பார்க்க வேண்டும். தண்டல் பார்க்கவில்லை. மாலை போட்டார். ஆறு மாசத்தில் செத்துப்போனார். அதற்கும் காருக்கும் சம்பந்தம் இல்லை. மகன்கள் இரண்டு பேரும் கார் வேண்டாம் என்றார்கள். அவர்கள் குனிந்து பார்த்திருந்தார்கள். மெட்டில்டா வேண்டும் என்றாள்.

அது ஐம்பத்தொன்றாம் வருஷத்து இங்கிலீஷ் கார். கம்பெனிப் பெயர் எழுதியிருந்த தகடு கடற்காற்றில் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. நாமும் அதை விட்டுவிடுவோம். ஐந்து பேர் உட்காரலாம். ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் உட்கார்ந்தார்கள். புறப்படுவதற்கு முன்னால் மெட்டில்டா இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவாள். பர்னபாஸ் ஒரு போணி நிறைய ஆயில் ஊற்றுவார். மாதா கோயில் முக்கால் மைல். திரும்பி வரும்போது மறுபடி ஒரு குடம்.

“ஒழுகுதுல்லா?” என்று யாராவது கேட்டால், “ஊத்துதோம்லா” என்பார் பர்னபாஸ். ஆறு வருஷம் அவருடைய வைத்தியம் அவ்வளவுதான்.

1974. புதுத் துறைமுகத்தைப் பற்றி ஊர் முழுக்கப் பேச்சாகக் கிடந்த வருஷம். இனிமேல் கப்பல் கரையை ஒட்டியே நிற்கும், தோணிக்கு என்ன வேலை என்று பேச்சு. அந்த ஆனியில் கரையேறிய பெரிய தோணிகள் மூன்றே மூன்று. இரண்டு தோணிக்காரர்கள் கலப்பத்தைப் பிந்திப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருந்தது ‘சவேரியார்’ என்ற தோணி. அதன் தண்டல் மரியான். ஐம்பத்தெட்டு வயது, அதிகம் பேசாதவர், பேசினால் திருப்பி வாங்கிக்கொள்ளாதவர். சவேரியாரின் கலப்பத்து கிடைத்தால் பர்னபாஸ் வீட்டில் அந்த வருஷம் அடுப்பு எரியும். கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை. கரையில் ஞானையா என்று இன்னொரு கலப்பத்துக்காரர் இருந்தார். அவரிடம் கார் இல்லை. அது அவருக்குப் பெரிய பலமாகப் போயிற்று.

ஏனென்றால் பர்னபாஸின் கார் போகிற வழியெல்லாம் கோடு போட்டது. அவர் வீட்டு வாசலில் தொடங்கி, பீச் ரோடு வழியாகக் கோயில் வரைக்கும், கறுப்பாக.

“என்ன வே பர்னபாஸ், நேத்து ஒருத்தன் உம்ம வீட்டுக்கு வழி கேட்டான்” என்றார் ஞானையா, கரையில் பத்துப் பேர் இருக்கும்போது. “கறுப்புக் கோட்டப் புடிச்சுக்கிட்டே போலேன்னு சொல்லிட்டேன்.”

“உமக்கு வழி கேக்க ஆளே வரலியாக்கும்” என்றார் பர்னபாஸ்.

“தோணிக்குள்ள தண்ணி வராம அடைக்காரு, சரி. காருக்குள்ள இருக்க தண்ணி வெளிய போவாம அடைக்கத் தெரியலியே. மரியான் தண்டல் என்னமும் யோசிக்காரோ என்னமோ.”

பத்துப் பேரும் சிரித்தார்கள். மரியான் தண்டலும் அங்கேதான் இருந்தார். அவர் சிரிக்கவில்லை. யோசித்தார். அதைப் பர்னபாஸ் பார்த்துவிட்டார்.

கலப்பத்துக்காரனுக்கு விளம்பரப் பலகை கிடையாது. அவன் அடைத்தது அடைபட்டிருக்கிறதா என்பதுதான் பலகை. அன்று சாயங்காலமே பர்னபாஸ் உளி, கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியல், பஞ்சுத்திரி, குங்கிலியச் சட்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் நுழைந்தார். அவருக்குத் தெரிந்த வேலை ஒன்று. அதைச் செய்தார். எங்கே ஈரம் தெரிந்ததோ அங்கே திரியை அடித்து இறக்கினார். இறங்காத இடத்தில் சுற்றிக் கட்டினார். மேலே மெழுகைக் காய்ச்சிக் கனமாகப் பூசினார். எஞ்சினின் வயிறு, ரேடியேட்டரின் அடி, பின் சக்கரத்தின் உள்பக்கம், ஒன்றையும் விடவில்லை. இரண்டு நாள் வேலை. ஒரு சின்னத் தோணிக்கு ஆகிற குங்கிலியம் ஆயிற்று. முடித்தபோது கார் சொட்டவில்லை. எஞ்சினை ஓட்டிப் பார்க்கவில்லை. தோணியை ஓட்டிப் பார்த்தா கலப்பத்து அடிக்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேரும் ஏறினார்கள். கால் மைல் போவதற்குள் எஞ்சின் சூடாயிற்று. குங்கிலியம் சூடானால் என்ன செய்யும் என்று கோயிலுக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். புகைந்தது. வெள்ளை வெளேரென்று, வாசனையாக. தெருவில் நின்ற பெண்கள் ஏதோ சப்பரம் சுற்றுப்பிரகாரம் வருகிறது என்று முட்டங்கால் போட்டார்கள். ஒருத்தி நெஞ்சில் சிலுவை வரைந்துகொண்டாள். காருக்குள் இருந்த எட்டுப் பேரில் யாரும் கண்ணாடிக்கு வெளியே பார்க்கவில்லை.

கோயில் வாசலில் மெழுகு உருகிக் கொட்டியது. பஞ்சுத்திரிகள் வால் மாதிரி தொங்கின. சாமியார் படியில் நின்று பார்த்துவிட்டு, “பர்னபாஸ், தூபம் நாங்க உள்ளே போட்டுக்கிடுதோம்” என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பர்னபாஸ் உருகிய இடங்களைத் துடைத்தார். உருகாத இடம் ஒன்று இருந்தது, இடது பின் சக்கரம். அங்கே சூடு இல்லாததால் மெழுகு கெட்டியாகவே இருந்தது. ஒன்றாவது நின்றதே என்று திருப்திப்பட்டு அதை அப்படியே விட்டார். மறுநாள் காலையில் மரியான் தண்டலைத் தோணி பார்க்கக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. நடந்தே போயிருக்கலாம். அரை மைல்தான். ஞானையா பார்க்கட்டும் என்று காரில் ஏற்றினார்.

பீச் ரோட்டில் வெங்காய மூட்டை அடுக்கிய ஒரு கிட்டங்கி வாசலில் மாட்டுவண்டி குறுக்கே வந்தது. பர்னபாஸ் பிரேக்கை மிதித்தார். மிதி தரைக்குப் போய்ச் சேர்ந்தது. மறுபடி மிதித்தார். அது ஏற்கெனவே தரையில்தான் இருந்தது. மெழுகுக்குப் பின்னால் பிரேக் ஆயில் பூசிய அன்றிலிருந்தே சத்தமில்லாமல் சக்கரத்துக்குள்ளேயே போய்க்கொண்டிருந்திருக்கிறது. வெளியே சொட்டினாலாவது தெரிந்திருக்கும். அதைத்தான் அவர் அடைத்துவிட்டாரே. திருப்பத் தெரிந்த பக்கம் திருப்பினார். கார் அவசரம் இல்லாமல் போய் வெங்காய மூட்டைகளில் ஏறி நின்றது. பதினாலு மூட்டை. யாருக்கும் காயம் இல்லை. மாடு திரும்பிப் பார்த்தது.

மரியான் தண்டல் மடியில் விழுந்த ஒரு வெங்காயத்தை எடுத்து, மூட்டையில் திரும்ப வைத்துவிட்டு இறங்கினார். வேட்டியைத் தட்டினார்.

“வே பர்னபாஸ், இது எங்க தோணிக்கு ஏற வேண்டிய வெங்காயம்.”

“தெரியும், தண்டலண்ணே.”

“சவேரியாருக்குக் கலப்பத்து ஞானையாகிட்டச் சொல்லிருதேன்.”

பர்னபாஸ் ஒரு மூட்டையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். சொல்ல ஆயிரம் இருந்தது. இருபத்தாறு வருஷம் இருந்தது. கடைசியில், “தோணி வேற, காரு வேறல்லாண்ணே” என்றார்.

“வேறதான். ஆனா அடைச்சவன் ஒரே ஆளு. அடைச்சாச்சுன்னு சொன்ன வாயும் ஒண்ணு. என்னைய ஏத்தும்போது என்ன சொன்னீரு?”

“அடைச்சாச்சுன்னு சொன்னேன்.”

“நடுக்கடல்ல இதச் சொன்னீருன்னா நான் என்ன செய்ய? அங்கன வெங்காய மூட்ட கிடையாதே.”

கிட்டங்கி ஆட்கள் சுற்றி நின்றார்கள். தண்டல் கொஞ்ச தூரம் நடந்தார். திரும்பி வந்தார். பழைய தண்டலின் மருமகன் என்பதற்காக இருக்கலாம். வேறு காரணமும் இருக்கலாம். அவர் சொல்லவில்லை.

“மாதா கோயில் கொடியேறுததுக்கு முந்தி இந்த வண்டிய உப்பு மேல நிறுத்திக் காட்டும். எஞ்சின் ஓடட்டும். ஒரு மணி நேரம். அதுக்கு அங்கிட்டுப் பேசுவோம்.”

உப்பளத்து உப்பு வெள்ளை. ஊசி முனையளவு எண்ணெய் விழுந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். கொடியேற்றத்துக்கு அப்போது ஐந்து வாரம் இருந்தது.

வீட்டுக்கு வந்து குசினி வாசலில் உட்கார்ந்து பர்னபாஸ் நடந்ததைச் சொன்னார். மெட்டில்டா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடிக்கிறவரைக்கும் கேட்டாள்.

“ஒண்ணு கேக்கட்டா? தோணிக்குக் கடலு எங்க இருக்கு?”

“இதென்னளா கேள்வி. வெளியில.”

“அது உள்ள தள்ளுது. நீங்க வெளிய இருந்து அடைக்கிய. அது தள்ளத் தள்ள உங்க திரி இறுகுது. சரிதானா?”

“சரிதான்.”

“காருக்குக் கடலு உள்ளல்லா இருக்கு. அது வெளிய தள்ளுது. அங்கனயும் நீங்க வெளியவே நின்னு அடைச்சா, அது துப்பாம என்ன செய்யும்? இருவத்தாறு வருசம் உளி புடிச்ச மனுசனுக்கு இது தெரியலியா?”

பர்னபாஸ் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. கோபம் இல்லை. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் ஒரு மாட்டுவண்டிக்குப் பின்னால் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு பாளை ரோட்டில் லாரி ஷெட் வைத்திருந்த செந்தூர்பாண்டியிடம் போனார்.

செந்தூர்பாண்டி அடியில் படுத்துப் பார்த்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

“அண்ணாச்சி, இதுல என்னத்தப் பூசிருக்கிய?”

“குங்கிலியம்.”

“ஷெட்டுல எவனோ பிள்ளையார் பூச போட்டுக் கொழுக்கட்ட திங்கப் போறான்னு நினைச்சேன், கோயில் வாசன வருதேன்னு. மொதல்ல இதச் சொரண்டணும். அதுக்கே நாலு நாளு. எனக்கு ஆளு கிடையாது.”

“நான் சொரண்டுதேன்.”

“எல்லா வேலையும் நீங்களே செய்யுததா இருந்தா சொல்லித் தாரேன். எனக்கு லாரி கிடக்கு. ஊடால ஊடால வந்து பாப்பேன்.”

பர்னபாஸ் சுரண்டினார். மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்துக் கழுவினார். கழுவிக் காய்ந்த எஞ்சின் மேல் செந்தூர்பாண்டி சொன்னபடி சுண்ணாம்புத் தூளைத் துணியில் கட்டித் தட்டினார். கார் சவத்துக்குப் பவுடர் போட்ட மாதிரி ஆயிற்று. பிறகு தன்னுடைய பழைய வெள்ளை வேட்டியை அடியில் விரித்து, நான்கு சக்கரமும் நிற்கிற இடத்தைக் கரியால் குறித்துக்கொண்டு, எஞ்சினை ஓட்டினார்.

இங்கே அவருக்கு ஒன்று முன்னமே தெரிந்திருந்தது. அதைச் செந்தூர்பாண்டி சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தோணியில் தண்ணீர் தேங்குகிற இடம் ஒன்று, நுழைகிற இடம் வேறொன்று. முகப்பில் நுழைந்தது பலகையை ஒட்டியே ஓடிக் கடைசியில் பின்பக்கம் நிற்கும். தேங்கிய இடத்தில் அடைக்கிறவன் முட்டாள். அவர் வேட்டியில் விழுந்த சொட்டைப் பார்த்தார். பிறகு அதற்கு நேர் மேலே பார்க்காமல், சுண்ணாம்பில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறது என்று மேலேயும் முன்னேயும் தேடிக்கொண்டே போனார். கோட்டின் தலையைக் கண்டுபிடித்தால் அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டார்.

“கடலுக்காரரு கண்ணு” என்றார் செந்தூர்பாண்டி. அவரிடமிருந்து வந்த ஒரே பாராட்டு இதுதான்.

வேட்டியைப் பர்னபாஸ் வீட்டுக்குக் கொண்டுபோனார். இருபது வருஷம் அவருடைய வேட்டிகளைத் துவைத்தவள் மெட்டில்டா. எந்தக் கறை எதனால் வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

“இது கறுப்பா, கொழகொழன்னு இருக்கு. எஞ்சின் ஆயிலு. மூணு எடம்” என்றாள். அடுத்ததை முகர்ந்து முகத்தைச் சுளித்தாள். “அழுகுன பூண்டு நாத்தம். என்ன எழவு இது?”

“கியர் ஆயிலாம். பாண்டி சொன்னான்.”

“இங்கன செம்மண்ணு மாதிரி இருக்குறது தண்ணி. துருத் தண்ணி. இது காஞ்சி போச்சு, ஓரத்துல மட்டும் வளையம் இருக்கு, பெட்ரோலு. இது என்னது, நிறமே இல்ல, வழவழன்னு?”

“சக்கரத்துக்கிட்ட விழுந்தது. பிரேக்கு.”

அவள் விரலை வாசல் நிலையில் துடைத்தாள். மறுநாள் அந்த இடத்தில் பெயிண்ட் உரிந்து வந்துவிட்டது. வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை.

வட்டங்களை எண்ணினார்கள். பதினொன்று.

அதன்பின் வேலை. எஞ்சின் மேல் மூடிக்கு இருந்த கார்க் பேக்கிங் அப்பளமாக நொறுங்கியது, புதிது போட்டார். எண்ணெய்த் தொட்டிக்கும் அப்படியே. கியர்பெட்டி மூடிக்குக் காலண்டர் அட்டையை வைத்து, சுத்தியலால் விளிம்பை மெல்லத் தட்டித் தட்டி, அட்டை தானே அந்த வடிவத்தில் வெட்டுப்பட்டு வரும்படி செய்தார். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில், நெருக்கத்தில் உட்கார்ந்து அடைக்கிறது. வெளியில் இருந்து இல்லை. எஞ்சின் பக்கவாட்டில் துரு தின்ற ஒரு மூடியைப் பிடுங்கிவிட்டு, பித்தளைத் தகட்டில் வட்டம் வெட்டி, குழிக்குள் வைத்து நடுவில் ஓர் அடி. தகடு விரிந்து விளிம்பைக் கவ்விக்கொண்டது. அதை அவர் கொட்டாப்புளியால்தான் அடித்தார். செந்தூர்பாண்டி சுத்தியல் கொடுத்தும் வாங்கவில்லை.

பின் சக்கரத்தைப் பிரித்த அன்று வேலை அரைநாள் நின்றுபோனது. பிரேக் சிலிண்டருக்குள் ரப்பரில் ஒரு சின்னக் கிண்ணம் இருந்தது. கட்டைவிரல் அகலம். விளிம்பு தேய்ந்திருந்தது. பர்னபாஸ் புதுக் கிண்ணத்தை வாங்கி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதோட வாய் எந்தப் பக்கம் இருக்கணும் பாண்டி?”

“ஆயிலு இருக்க பக்கம். மிதிக்கும்போது ஆயிலு வாய்க்குள்ள பூந்து விளிம்ப விரிக்கும். விரிய விரியச் சுவரோட ஒட்டும்.”

“தள்ளத் தள்ள இறுகும்.”

“ஆமா.”

பர்னபாஸ் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செந்தூர்பாண்டி ஒரு லாரிக்குச் சக்கரம் மாட்டிவிட்டு வந்தார். அப்போதும் உட்கார்ந்திருந்தார்.

“என்ன அண்ணாச்சி?”

“இதச் செஞ்சவன் எவனோ, அவன் கலப்பத்துக்காரன்.”

நான்காம் வாரம் ஒன்பது வட்டங்கள் அழிந்திருந்தன. ரேடியேட்டரின் அடித் தையலில் ஈயம் பற்றவைத்திருந்தார்கள். எட்டே நாளில் அது பக்கத்தில் இன்னோர் இடத்தில் ஒழுகியது. மறுபடி பற்றவைத்தார்கள். மறுபடி ஒழுகியது. செந்தூர்பாண்டி விரலில் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார்.

“உப்பு. எந்தத் தண்ணிய ஊத்துதிய?”

எந்தத் தண்ணீர் என்று தூத்துக்குடியில் யாரும் கேட்கத் தேவையில்லை. வீட்டுக் கிணற்றில் இருப்பது உப்புத் தண்ணீர். குழாயில் நல்ல தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு மணி நேரம் வரும். ஒரு வீட்டுக்கு ஆறு குடம். அதற்குக் குழாயடியில் அடிபட வேண்டும். அந்தத் தண்ணீரைக் காருக்கு ஊற்றுகிறவள் ஊரில் இருந்தால் அவளைப் பைத்தியம் என்பார்கள். மெட்டில்டா பைத்தியம் இல்லை. ஆறு வருஷம் கிணற்றுத் தண்ணீரைத்தான் ஊற்றினாள். ஆறு வருஷமாக உப்பு ரேடியேட்டரை உள்ளே இருந்து தின்றுகொண்டிருந்தது.

“நல்ல தண்ணி வேணுமாம்” என்றார் பர்னபாஸ்.

“யாருக்கு?”

“காருக்கு.”

“புள்ளயளுக்குக் குடிக்க ஆறு குடம். அதுல ரெண்டு இந்தச் சனியனுக்கா? பக்கத்து வீட்டுக்காரி கேட்டா என்ன சொல்ல? எங்க காருக்குத் தாகம்னு சொல்லவா?”

“ஒழுகாட்டி ஒரு தடவ ஊத்துனாப் போதும். பொறவு கேக்காது.”

“ஒழுகுனா?”

“ஒழுகுனா ஞானையாகிட்ட கலப்பத்து போவும். அதுக்கு அங்கிட்டுக் குடம் வச்சு என்ன செய்ய?”

மெட்டில்டா யோசித்தாள். மறுநாள் குழாயடிக்குப் போய் ஆறு குடம் பிடித்தாள். இரண்டைக் காருக்குக் கொடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று சொன்னாள். அவளுக்குக் கல்யாண வயதில் பெண் கிடையாது. அன்று பர்னபாஸ் குடிக்கக் கேட்டபோது காரிடம் வாங்கிக்கொள்ளச் சொன்னாள். ரேடியேட்டரை மூன்றாம் தரம் பற்றவைத்தது நின்றது.

பத்து வட்டம் அழிந்தது. பதினொன்றாவது அழியவில்லை. எஞ்சினின் பின்பக்கம், கிளட்ச்சுக்கு முன்னால். அங்கே பேக்கிங்கே கிடையாது என்றார் செந்தூர்பாண்டி. சுழலும் தண்டில் திருகு மரை மாதிரி ஒரு காடி வெட்டியிருப்பார்களாம், எண்ணெயைத் திருப்பி உள்ளே எறிவதற்கு. தண்டு தேய்ந்தால் அது எறியாது. எஞ்சினை வெளியே தூக்கித் தண்டைக் கடைந்தால்தான் சரியாகும். அதற்கு மதுரைக்குப் போக வேண்டும். கொடியேற்றத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது.

“பஞ்சு வச்சு ஒரு மணி நேரம் நிப்பாட்டிரலாம் அண்ணாச்சி. ஒரு மணி நேரந்தான. யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்லா” என்றார் பர்னபாஸ். பிறகு, “அந்தப் பஞ்ச வச்சுத்தான் வெங்காயத்துல ஏறுனேன்” என்றார்.

அடுத்த மூன்று நாளும் அவர் ஒரு வேலையும் செய்யவில்லை. வேட்டியை விரித்து, எஞ்சினை ஓட்டி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தார்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் மத்தியானம் உப்பளத்துக்குக் காரைக் கொண்டுபோனார். மரியான் தண்டலுக்கு வேண்டிய கங்காணி ஒருவர் அங்கே இருந்தார். அவருக்கு இதில் சம்மதமே இல்லை.

“உப்புல எண்ண பட்டா எவன் வாங்குவான் தண்டலு?”

“பட்டத சுரண்டி எறி. எத்தன சொட்டுன்னு எண்ணிட்டு எறி.”

ஞானையாவும் வந்திருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. பரப்பி வைத்த உப்பின் மேல் பலகை போட்டுக் காரை ஏற்றினார்கள். வெயிலில் கண் கூசியது. எஞ்சின் ஓடியது. தண்டல் கைக்கடிகாரத்தைப் பார்க்கப் போனபோது பர்னபாஸ் குறுக்கே வந்தார்.

“அண்ணே, ஒழுகும்.”

ஞானையா வாயைத் திறந்தார். தண்டல் கையைக் காட்டினார். ஞானையா வாயை மூடினார்.

“பதினோரு எடத்துல ஒழுகுச்சு. பத்த அடைச்சிட்டேன். ஒண்ண அடைக்க முடியல. எஞ்சினத் தூக்கணும். ஒரு மணி நேரத்துல ஆறு சொட்டு விழும். இந்த எடத்துல.” விரலால் உப்பில் ஒரு வட்டம் போட்டார். “வேற எங்கனயும் விழாது.”

“போன தடவ அடைச்சாச்சுன்னு சொன்னீரு.”

“போன தடவ எண்ணல.”

தண்டல் குனிந்து அந்த வட்டத்தைப் பார்த்தார். “ஒழுகாத தோணி உலகத்துல கிடையாது வே. கொழும்பு போய்ச் சேர நாப்பது வாளிக்குள்ள எறைச்சா அது நல்ல தோணி. எனக்கு வேண்டியது எத்தன வாளின்னு முன்னாடியே தெரிஞ்சவன். ஆறுன்னு சொல்லிட்டீரு. ஆறு விழட்டும், பாப்போம்.”

ஒரு மணி நேரம் நான்கு ஆண்கள் ஒரு காரின் அடியைப் பார்த்துக்கொண்டு உப்பில் குந்தியிருந்தார்கள். ரேடியேட்டர் சொட்டவில்லை. சக்கரம் சொட்டவில்லை. பர்னபாஸ் போட்ட வட்டத்துக்குள் முதல் சொட்டு எட்டாவது நிமிஷம் விழுந்தது. கங்காணி “அய்யய்யோ” என்றார். ஐம்பதாவது நிமிஷத்தில் ஐந்து. ஐம்பத்தைந்தில் ஆறு. பர்னபாஸ் வேறு பக்கம் பார்த்தார். கடிகாரத்தில் இன்னும் அரை நிமிஷம் இருந்தபோது ஏழாவது விழுந்தது.

“ஏழு!” என்றார் ஞானையா. குரலில் நல்ல சந்தோஷம்.

வெயில் அதிகம் என்று பர்னபாஸ் சொல்லியிருக்கலாம். கார் சாய்ந்து நின்றது என்றும் சொல்லியிருக்கலாம். “ஏழுதான்” என்றார்.

மரியான் தண்டல் எழுந்து முட்டியில் ஒட்டிய உப்பைத் தட்டினார். “ஒண்ணு தப்பிருச்சு.”

“ஆமாண்ணே.”

“கலப்பத்த நீரே பாரும். ஆனா தப்புன அந்த ஒரு சொட்டுக்கு நீரும் கொழும்பு வரணும். நீர் அடைச்ச தோணியில, அடிப்பள்ளத்துல. எறைக்கிற வாளியும் உம்ம கையிலதான்.”

பர்னபாஸ் அதுவரை கரையை விட்டுப் போனதில்லை. கரையோரம் கட்டிக் கிடக்கிற தோணி சரி, அலையில் ஏறி இறங்குகிற தோணி என்றால் அவருக்குக் குமட்டும் என்பது மெட்டில்டாவுக்கு மட்டும் தெரிந்த விஷயம். அவர் லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எத்தன வாளின்னு இப்பவே சொல்லணுமா?” என்று கேட்டார்.

“சொல்ல வேண்டாம். நான் எண்ணிக்கிடுதேன்.”

சவேரியாரின் கலப்பத்து இருபத்திரண்டு நாள் நடந்தது. பலகைச் சந்து ஒவ்வொன்றையும் அடைப்பதற்கு முன்னால் அவர் சுண்ணாம்பு தட்டிப் பார்த்ததாகக் கரையில் சொன்னார்கள். ஆவணி முடிந்து காற்று திரும்பியதும் தோணி வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. ஆள் பட்டியலில் கடைசிப் பெயராகப் பர்னபாஸ் ஏறினார். வழியனுப்ப வந்த மெட்டில்டா ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து, “வாளியில வாந்தி எடுத்துட்டு அதையும் சேத்து எண்ணிராதிய” என்றாள். துறைமுக விளக்கு மறையும் முன்னமே அவர் குமட்ட ஆரம்பித்துவிட்டார். வெளுத்த வேட்டியோடு அடிப்பள்ளத்தில் உட்கார்ந்து, ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் இறைத்தார். மேலே மரியான் தண்டல், வாளி கவிழும் ஒவ்வொரு தரமும் பென்சிலால் ஒரு கோடு போட்டார். கொழும்பில் நங்கூரம் போட்ட பிறகு கோடுகளை எண்ணிப் பார்த்து, காகிதத்தைக் கீழே நீட்டினார்.

பத்தொன்பது வாளி.